மூச்சின் ஈரம்

எங்கள் வீட்டில் சீசன் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம். சென்னையில் மற்றவர்களுக்கு அது டிசம்பர் கச்சேரி. என் கணவர் ஸ்ரீரங்கனுக்குத் தாம்பரத்திலிருந்து கிண்டி போய்வர ரயில்வேயில் வாங்கும் டிக்கெட். என் மாமியார் திரிபுரசுந்தரிக்கு மட்டும் சீசன் என்றால் கனடாவின் குளிர்காலம். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் வியர்த்துக் கொட்டுகிற வீட்டில் இருந்துகொண்டு, "சீசன் வரதுக்குள்ள சின்மயி சாமானையெல்லாம் ஒரு தடவை பார்த்துடணும்" என்பார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

சின்மயி என் நாத்தனார். கணவன், குழந்தைகளோடு சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுடைய மாமனார், மாமியார் மாண்ட்ரியலில். ஒவ்வொரு டிசம்பரிலும் எல்லோரும் சென்னையில் இறங்கி, இரண்டு நாள் அம்மா கைச்சாப்பாடு சாப்பிட்டு, குளிர்காலச் சாமான்களை எடுத்துக்கொண்டு மாண்ட்ரியல் போவார்கள். ஜனவரியில் திரும்பும்போது அதே சாமான்களை இங்கே இறக்கிவிட்டுப் போவார்கள். சிங்கப்பூர் ஃபிளாட்டில் இடமில்லையாம். இங்கே இடம் இருந்தது. அவளுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கீழ்த்தளத்தில் அவள் அறை அவள் அறையாகவே பூட்டிக் கிடந்தது. நானும் ஸ்ரீரங்கனும் மாடியில்.

சாமான் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நரி ரோமத்தில் ஒரு தொப்பி. அதே ரோமத்தில் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் பட்டை. உள்ளே முயல் ரோமம் வைத்துத் தைத்த தோல் கையுறைகள். முழங்கால் வரைக்கும் ஏறும் பூட்ஸ். இரண்டு தோல் கைப்பைகள். தொப்பியை நான் ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கிறேன், பூனைக்குட்டி போல இருந்தது. அது சின்மயிக்கு அவள் மாமியார் கொடுத்த தொப்பி.

சின்மயி எதையும் அப்படியே போட்டுவிட்டுப் போகிறவள் அல்ல. ஒவ்வொரு ஜனவரியிலும் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவாள். மாமியார் அதை ஹாலில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார், அதனால் எனக்கும் மனப்பாடம். "அம்மா, ப்ளாஸ்டிக் கவர் கூடவே கூடாது. தோலும் மூச்சு விடணும். நான் மாட்டியிருக்கற காட்டன் கவர்லயே இருக்கட்டும். மடிச்சு வைக்காதே. பூட்ஸுக்குள்ள டிஷ்யூ பேப்பர் அடைச்சிருக்கேன், அதை எடுக்காதே. நியூஸ்பேப்பர் வெச்சா மை ஒட்டிக்கும். அந்துருண்டை போட்டா அந்த வாசனை ரோமத்தை விட்டுப் போகவே போகாது. வெயில்ல வைக்காதே. மாசம் ஒரு தடவை ஏசியைப் போட்டுப் பீரோவைத் திறந்து வை." அவ்வளவு அக்கறையான குரல். அதே செய்தியில் அம்மாவின் சர்க்கரை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாமியாருக்கு மடி உண்டு. குளித்துவிட்டு, யாரும் தொடாமல் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டுதான் சமையல், பூஜை எல்லாம். தோல் என்றால் தீட்டு. ஸ்ரீரங்கனின் பெல்ட்டும் பர்ஸும் மாடியை விட்டு அநாவசியமாகக் கீழே வரக்கூடாது. பட்டுப்புடவைக்காகச் செத்த புழுக்களைப் பற்றி அவருக்குக் கேள்வி எதுவும் கிடையாது, நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை. ஆனால் பெண்ணின் நரித்தோல் தன் வீட்டிலேயே இருந்தாக வேண்டும், அதைத் தான் தொடவும் கூடாது. இரண்டையும் சமாளிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். மாதம் ஒரு நாள் குளிப்பதற்கு முன்னால் அந்த அறைக்குள் போய், பீரோவைத் திறந்து, ஏசியைப் போட்டுவிட்டு, வாசலில் நின்று தள்ளியிருந்து பார்ப்பார். பிறகு மூடிவிட்டுத் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொள்வார். இப்படியே நாலைந்து வருஷம் சாமானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த வருஷம் மார்ச்சில் அந்தப் பீரோவுக்குள் ஒரு கரப்பான்பூச்சி ஓடியது. மாமியார் பதறிப் போய்விட்டார். கையில் ஒரு ப்ளாஸ்டிக் பையை உறை மாதிரி மாட்டிக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காட்டன் கவரிலிருந்து உருவி எடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு ப்ளாஸ்டிக் பையில் போட்டு, கூடவே அந்துருண்டையும் போட்டு, வாயை இறுக்கி முடிந்து, அதை இன்னொரு பைக்குள் திணித்து மறுபடியும் முடிந்தார். சின்மயி வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் ஒரே காலையில் செய்து முடித்தார்.

"ப்ளாஸ்டிக் கூடாதுன்னு சொன்னாளே" என்றேன்.

"காத்து புகாம வெச்சா எதுவும் கெடாது. நான் அரைச்ச சாம்பார்பொடி என்னிக்காவது கெட்டிருக்கா?" என்றார். "மெட்ராஸ் ஈரம் அவளுக்கு என்ன தெரியும்? பார்த்துக்கறது நான்."

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் காய்ந்தது. துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். வடாம் பிழிந்திருந்த துணியின் ஓரத்தில் ஜிப் இருந்தது. நல்ல கெட்டிக் காட்டன், பழைய வேட்டிக்கு இருக்காத பளபளப்பு, லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. சின்மயியின் கவரா என்று கீழே வந்து கேட்டேன்.

"மஞ்சள் தண்ணில முக்கித் துவைச்சுட்டேன், தீட்டெல்லாம் போயாச்சு" என்றார் மாமியார். "நல்ல துணி. சும்மா கெடந்து என்ன பண்றது?"

இந்த வருஷ வடாம் நன்றாகவே இருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

இனி என் அம்மா. பெயர் அபிதகுஜாம்பாள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரப்பாக்கத்தில் லிஃப்ட் இல்லாத ஒரு ஃபிளாட்டில், இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறாள். யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதை ஒரு வியாதி மாதிரி வைத்திருப்பவள். முழங்கால் வலியைப் பல வருஷம் மறைத்து, கடைசியில் நடக்கவே முடியாமல் போன பிறகுதான் சொன்னாள். அக்டோபர் கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் படி ஏறக்கூடாது, வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரே வெஸ்டர்ன் டாய்லெட், சிங்கப்பூர்க் குழந்தைகளுக்காகச் சின்மயியின் அறைக்குள் கட்டியது. ஆக, என் அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் அந்த அறை. ஆறு வாரத்துக்கு.

மாமியாரிடம் கேட்டேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று எதையும் நேராகச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"வரட்டுமே, வேண்டாங்கல. ஹால்ல கட்டில் போட்டா நன்னா காத்து வருமே" என்றார்.

"பாத்ரூம் அந்த ரூம்லதானே இருக்கு?"

"இருக்கு. ஆனா அங்க சின்மயி சாமான் இருக்கே."

"சாமானை மாடில எங்க ரூமுக்கு மாத்திடறேன். அங்கயும் ஏசி இருக்கு."

"மாடில மேலேர்ந்து சூடு இறங்கும். சூடு பட்டா தோல் வெடிச்சுடும்னு அவ சொல்லியிருக்கா."

சின்மயி சொன்னதில் இது ஒன்று மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நான் ஸ்ரீரங்கனைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்றார். யார் அட்ஜஸ்ட் செய்துகொள்வது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை அவர் என்றைக்குமே சொன்னதில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு தொப்பிக்காக எங்கம்மா ஆபரேஷன் ஆன காலோட குத்துக்காலிட்டு உட்காரணுமா?" என்று கேட்டுவிட்டேன். மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அது தொப்பி இல்லைடி. அது இங்க இருக்கறதாலதான் அவ வருஷா வருஷம் இந்த வாசப்படி மிதிக்கறா. இல்லேன்னா நேரா போயிடுவா."

உண்மையைச் சொன்னார். அது எனக்கும் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. அவர் பெண் வருவதற்கு என் அம்மாவின் முழங்கால் எதற்கு?

கடைசியில் அறை கிடைத்தது, நிபந்தனைகளோடு. தைலம் தேய்க்கக் கூடாது. ஈரத்துண்டை அறைக்குள் உலர்த்தக் கூடாது. குளித்துவிட்டுப் பாத்ரூம் கதவைத் திறந்து போடக் கூடாது. ஜன்னல் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, நினைவு வந்தவராகக் கடைசியில் ஒன்று சேர்த்தார்: "தூங்கறச்சே பீரோ பக்கம் முகத்தை வெச்சுண்டு படுக்க வேண்டாம்னு சொல்லு. மூச்சுல ஈரம் இருக்கு."

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமியார் அந்தச் சிரமத்தை எனக்கு வைக்காமல், அம்மா வந்து இறங்கிய அன்றே காபியைக் கையில் கொடுத்தபடி தானே சொன்னார். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"அதுக்கென்ன மாமி, ஜாக்கிரதையா இருக்கேன். இவ்வளவு தூரம் எடம் குடுத்ததே பெரிசு" என்றாள்.

புது வாக்கர் வேண்டாம், வீண் என்று சொல்லி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழையது ஒன்றை என்னை வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அதன் ஒரு கால் கொஞ்சம் கட்டை. டக், டக் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் அவளுக்குக் கூச்சமாக இருந்ததால் கால்களுக்கு அடியில் துணி சுற்றச் சொன்னாள். தைலம் தேய்த்துக்கொள்ள வேண்டுமென்றால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல் வராந்தாவுக்குப் போவாள். மழை பெய்கிற நாளில் சாரலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு, வாசனை போகும்வரை அங்கேயே இருப்பாள்.

அந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. ஏரி நிரம்பித் தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்றது. கரண்ட் போனால் வர நேரமாகும். சுவரெல்லாம் ஓதம் ஏறி, ரொட்டி வாங்கி வைத்தால் மறுநாளே பூஞ்சை பூத்தது. வீட்டில் பூக்காதது எதுவும் இல்லை.

நான் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு நாள் மழை விடுமுறை விட்டதால் மத்தியானமே வீடு திரும்பினேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லை, ஜன்னல் சாத்தியிருந்தது, அறை வெந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் ஆன காலைத் தலையணை மேல் வைத்து, அந்தப் பக்கம் திரும்ப முடியாத உடம்பைக் கஷ்டப்பட்டுத் திருப்பி, பீரோவுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். வாயையும் மூக்கையும் மூடிக் காதி துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

நான் துண்டைப் பிடித்து இழுத்தேன். விழித்துவிட்டாள்.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்லைடி. தும்மல் வந்துடுமோன்னு."

"பொய் சொல்லாதே."

"கத்தாதே, மாமி காதுல விழும்" என்றாள். "ஏதோ விலையொசந்த சாமான் போலிருக்கு. நம்மால எதுக்குக் கெடணும்? இன்னும் கொஞ்ச நாள்தானே. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

மூச்சு விடுவதற்குக்கூட என் அம்மா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீரோவுக்குள் இருந்த தோல் மூச்சு விடவேண்டும் என்று சின்மயி வருஷா வருஷம் செய்தி அனுப்பியிருந்தாள், அதையும் முடிச்சுப் போட்டு மூடி வைத்திருந்தார் மாமியார். அன்றைக்கே பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் தெருத் தண்ணீரில் எறிந்துவிடலாம் என்று இருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், பேசாமல் இரு என்பது போல. பல்லைக் கடித்துக்கொண்டு காபி போடப் போனேன்.

அம்மாவுக்கு ஐந்தாவது வாரம் நடக்கும்போது சின்மயி வந்து இறங்கினாள். அவர்கள் இருக்கும் இரண்டு நாளும் அம்மா ஹாலில் படுத்துக்கொள்வது என்று முன்பே ஏற்பாடு. சின்மயி நல்ல பெண்தான், அதையும் சொல்ல வேண்டும். வந்ததும் அம்மாவின் காலைத் தொட்டு நமஸ்காரம் செய்தாள், "எப்படி இருக்கேள் மாமி, வலி குறைஞ்சிருக்கா?" என்று விசாரித்தாள். குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் பீரோவைத் திறக்கப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் "அம்மா" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் எல்லோரும் எழுந்து போனோம். என் அம்மா மட்டும் ஹால் சோபாவிலேயே இருந்தாள்.

முடிச்சை அவிழ்த்த பைகள் கட்டில் மேல் கிடந்தன. அந்துருண்டையும் ஈரச்சாக்கும் கலந்த வாடை அறை முழுக்க அடித்தது. சின்மயி தொப்பியைத் தூக்கினாள், ரோமம் கொத்துக் கொத்தாக விரலோடு வந்தது. பூட்ஸ் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என் மாமியார் குடுத்தது. போய் இறங்கினதும் முதல்ல இதைத்தான் கேப்பா. நான் என்ன சொல்லுவேன்?" என்றாள். பிறகு பைகளைப் பார்த்தாள். "ப்ளாஸ்டிக்லயா வெச்சே? காட்டன் கவர்லாம் எங்க?"

மாமியார் ஒரு கணம் விழித்தார். ஒரே ஒரு கணம்தான்.

"ஒரு மாசத்துக்கு மேலா ரூம்ல ஆள் இருந்தாளேடி. மூச்சு, வெந்நீர் ஆவி, துண்டு, தைலம், எல்லாமாச் சேர்ந்து கவரெல்லாம் ஈரமாப் போயிடுத்து. அதனாலதான் அவசரத்துக்கு ப்ளாஸ்டிக்ல மாத்தினேன். நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், யார் கேட்டா?"

கண்ணை ஒரு தடவைகூடச் சிமிட்டாமல் சொன்னார். மார்ச் மாதம் அவர் முடிச்சுப் போட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன் என்பதுகூட அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. சின்மயி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே ஹாலுக்குப் போனாள்.

"மாமி, ரூம்ல ஈரத்துணி ஏதாவது உலர்த்தினேளா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் நல்ல இன்ஸ்பெக்டர் கேட்பது போலக் கேட்டாள்.

நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். மொட்டை மாடி அறையில், பரணில், வடாம் சாமான்களை வைக்கும் தகரப் பெட்டிக்குள் அந்தத் துணி மடித்து இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கும்போது அம்மாவின் குரல் கேட்டது.

"ஒரு நாள் பாத்ரூம் கதவைச் சாத்த மறந்துட்டேன்மா. ராத்திரி இருமலும் வந்துது. துண்டு கட்டிண்டுதான் படுத்தேன், தூக்கத்துல நழுவியிருக்கும். தப்பு என்னோடதுதான். மாமி முன்னாடியே சொன்னார்."

அவள் யாரையும் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துணியைச் சின்மயியின் கையிலேயே கொடுத்தேன். மஞ்சள் ஏறிய காட்டன். ஓரத்தில் ஜிப், உள்ளே அவள் பெயர் எழுதித் தைத்த பட்டை, நடுவில் வட்ட வட்டமாக வடாம் ஒட்டிய தடம். காய்ந்த மாவு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"சித்திரைலேர்ந்து உன் கவர் மொட்டை மாடில வடாம் காயவெச்சுண்டிருக்கு" என்றேன். "எங்கம்மா இந்த வீட்டுக்கு வந்தது ஐப்பசில."

சின்மயி துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"இதுலயா வடாம் பிழிஞ்சே?"

"அந்த வடாமை எல்லாரும்தானே தின்னேள்" என்றார் மாமியார். "உனக்கும்தான் ஒரு டப்பா சிங்கப்பூருக்குக் குடுத்து அனுப்பினேன். நன்னாருக்குன்னு சொன்னியே."

சின்மயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். தலையில் அடித்துக்கொண்டு, "சரி விடு. ஆனது ஆச்சு. உன்னைச் சொல்லி என்ன பண்றது, வயசாயிடுத்து" என்றாள். ஸ்ரீரங்கனும் சிரித்தார். மாமியார் முகம் தெளிந்து, குழந்தைகளுக்குப் பால் கலக்க உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அது குற்றமாக இருந்தது. விசாரணை நடந்தது, குற்றவாளி ஒப்புக்கொள்ளவும் செய்தாள். செய்தது சொந்த அம்மா என்று தெரிந்தவுடன் அது வேடிக்கை ஆகிவிட்டது. வயது என்றால் என் அம்மாவுக்கும் அதே வயதுதான்.

"சின்மயி, எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்றேன்.

"நான் மாமியை என்ன சொன்னேன் மன்னி? கேட்டேன், அவ்வளவுதானே?" என்றாள். அவள் முகத்தில் நிஜமான ஆச்சரியம் இருந்தது.

மாடியில் ஸ்ரீரங்கன் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அந்தத் துணியை எல்லார் முன்னாடியும் கொண்டு வந்து போடணுமா? அம்மா முகம் எப்படி ஆயிடுத்து பார்த்தியா?" எத்தனையோ வருஷமாக எதற்கும் கருத்துச் சொல்லாத மனுஷர், சொன்ன ஒரே கருத்து இது.

மறுநாள் காலை அம்மா ஊரப்பாக்கம் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன கெடு முடியவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். மாமியார் வாசல்வரை வந்து, "இருந்துட்டுப் போகலாமே மாமி" என்றார். அம்மா கைகூப்பி, "உங்களுக்கு என்னால ரொம்பக் கஷ்டம்" என்றாள். நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன், பக்கத்தில் நின்று கேட்கும் பொறுமை எனக்கு இல்லை.

தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் சவுரிமுத்துதான் வந்திருந்தார். ஜிஎஸ்டி ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் திரும்பித் திரும்பி அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். ஊரப்பாக்கத்தில் இறங்கியதும் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாக்கா, லிப்ட் கீதா?"

"இல்லண்ணா."

"அப்பால பெரிம்மா எப்டி ஏறுவாங்க? ஒரு சேர் எட்த்தாங்க, நானும் வாட்ச்மேனும் தூக்கினு போய்டறோம்."

"வேண்டாம்ப்பா, உனக்கெதுக்குக் கஷ்டம்" என்றாள் அம்மா. முதல் படியில் பின்பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, அடுத்த படியில் உட்கார்ந்தாள். பிறகு அதற்கடுத்த படி. தைத்த காலை நான் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு கூடவே ஏறினேன். சவுரிமுத்து வாக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார், அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் அம்மாவோடேயே தங்கிவிட்டேன். ஸ்ரீரங்கன் நான்கைந்து நாள் கழித்துப் போன் செய்தார். சின்மயி மாண்ட்ரியல் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். புதிதாக எல்லாம் வாங்கியாகிவிட்டதாம். அங்கேயே இதற்கென்று குளிர் அறை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கடை இருக்கிறதாம், இனிமேல் அங்கேயே விட்டுவிடப் போகிறாளாம்.

"அடுத்த வருஷத்துலேர்ந்து சிங்கப்பூர்லேர்ந்து நேரா போயிடறாளாம். இங்க இறங்கி ஏறறது குழந்தைகளைப் படுத்தறதாம்" என்றார். "அம்மா சரியாவே சாப்பிடலை. பீரோவைத் திறந்து வெச்சுண்டு உட்கார்ந்திருக்கா."

பாவமாக இருந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இருக்கவில்லை.

"ரூம் காலியாத்தானே இருக்கு" என்றார் அவர். "உங்கம்மாவை அழைச்சுண்டு வந்துடேன். இப்ப ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

போனை வைத்தேன். மழை விட்டு நல்ல வெயில் வந்திருந்தது. அம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று உள்ளே போனேன்.

மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். சொந்த வீடு, சொந்தக் கட்டில். அந்த அறையில் பீரோ கிடையாது, ஒரு கொடியும் நாலு புடவையும்தான். ஜன்னல் திறந்திருந்தது, ரயில் போகிற சத்தம் கேட்டது. வாயையும் மூக்கையும் மூடி அந்தக் காதி துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எழுந்துவிடாதபடி மெல்ல அவிழ்த்து எடுத்தேன். அவள் கண் திறக்கவில்லை. கை மட்டும் துண்டைத் தேடியது. கிடைக்காமல், புடவைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.